தடுப்புச்சுவர் நங்கூரம்: ஒன்றை இழுத்துப் பார்த்தால் போதுமா?

14.10.2024, வாசகர் கேள்வி

குன்னூருக்குக் கீழே சரிவில் எங்கள் வீடு. வீட்டுக்கும் கீழே போகும் பாதைக்கும் நடுவே 6 மீட்டர் உயரக் கருங்கல் சுவர், அப்பா காலத்தில் கட்டியது. இரண்டு மழைக்காலமாக நடுவில் புடைத்து வருகிறது. ஒப்பந்ததாரர் சுவரைத் துளைத்து இரண்டு வரிசையாக நங்கூரம் (சுவரை ஆழத்துப் பாறையோடு இழுத்துக் கட்டும் எஃகுக் கம்பி) போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் 40 டன் தாங்குமாம். ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்து எங்கள் கண்முன்னே இழுத்தார். 40 டன்னில் முள் அசையாமல் நின்றது. ஒன்று தாங்கினால் எல்லாம் தாங்கும் என்பது என் எண்ணம். பொறியியல் படித்த மைத்துனர் போதாது என்கிறார். யார் சொல்வது சரி?

14.10.2024, இரவு

மைத்துனர் சொல்வது சரி. ஒவ்வொரு நங்கூரத்தையும் இழுத்தாக வேண்டும். அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் 1999இல் வெளியிட்ட நங்கூரக் கையேட்டைத்தான் இந்தத் தொழிலில் பலரும் கையில் வைத்திருக்கிறோம். நிரந்தர நங்கூரத்தை வடிவமைப்புப் பாரத்தைப்போல (அது தாங்க வேண்டும் என்று கணக்கிட்ட பாரம்) 1.33 மடங்குக்கு இழுக்கச் சொல்கிறது அது. முதலில் போடும் சிலவற்றை ஏற்றி இறக்கி விரிவாகச் சோதிக்க வேண்டும். மிச்சம் எதையும் சோதிக்காமல் விடக்கூடாது. 40 டன் நங்கூரத்தை 40 டன்னுக்கு இழுத்தது சோதனை ஆகாது.

ஆனால் எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பாரம் நின்றது, சரி. எங்கே நின்றது?

நங்கூரத்தில் மூன்று பகுதிகள். வெளியே தலை: தகடும், கம்பியைக் கவ்வும் ஆப்பும். அதன் பின்னால் கட்டற்ற நீளம்: கிரீஸ் பூசி உறைக்குள் போட்ட கம்பி, மண்ணோடு ஒட்டாமல் ரப்பர்போல நீள வேண்டியது. ஆழத்தில் பிடிப்பு நீளம்: சிமெண்ட் பாலால் பாறையோடு ஒட்டியிருப்பது. சரிவு சறுக்கினால் எந்தத் தளத்தில் சறுக்குமோ, அதைத் தாண்டி, இன்னும் ஒன்றரை மீட்டராவது உள்ளே போன பிறகுதான் பிடிப்பு தொடங்க வேண்டும். அதற்கு முன்பே சிமெண்ட் கம்பியைப் பிடித்துவிட்டால், சறுக்கப்போகும் மண்ணையே பிடித்துக்கொண்டு நங்கூரம் நிற்கும். சறுக்குகிற வண்டியை அதே வண்டியில் கட்டிய கயிறு நிறுத்தாது. சோதனையன்று பாரம் நிற்கும். மழையன்று சுவரும் நங்கூரமும் மண்ணும் சேர்ந்து இறங்கும்.

இதை ஜாக்கியின் அழுத்தமானி காட்டாது. கம்பி எத்தனை மில்லிமீட்டர் நீண்டது என்பதுதான் காட்டும். அந்த எண்ணை வாங்கி அனுப்புங்கள். ஆப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வால்களை அதுவரை யாரையும் வெட்டவிடாதீர்கள். வெட்டிவிட்டால் மறுபடி ஜாக்கி பிடிக்க இடமிருக்காது.

15.10.2024

கணக்கைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் இருப்பதாக வாசகர் சொன்ன அளவுகளையே எடுத்துக்கொள்கிறேன்: 15.2 மில்லிமீட்டர் ஏழிழைக் கம்பி வடம் மூன்று, கட்டற்ற நீளம் 12 மீட்டர், பிடிப்பு நீளம் 8 மீட்டர்.

ஒரு வடத்தின் குறுக்குப் பரப்பு 140 சதுர மி.மீ.; மூன்றுக்கு 420. அறுபடும் பாரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 260 கிலோநியூட்டன், மூன்றுக்கு 780. வடிவமைப்புப் பாரம் 400 (நீங்கள் சொல்லும் 40 டன்), அதாவது அறுபடும் பாரத்தில் 51 விழுக்காடு. 60 வரை போகலாம். சோதனைப் பாரம் 532, அதாவது 68 விழுக்காடு. 80 வரை போகலாம். எஃகுத் தேர்வில் குறையில்லை.

இழுவையை 40 கிலோநியூட்டனில் தொடங்கி (கம்பி தொய்வு நீங்கி நேராவதற்கு) 532 வரை ஏற்றினால், 12 மீட்டர்க் கம்பி மீள்தன்மையால் 72 மி.மீ. நீள வேண்டும். பாரத்தை இறக்கியதும் அது திரும்பி வர வேண்டும். திரும்பாமல் தங்கும் பகுதியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மீள் நீட்சி இந்த 72இல் 80 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. அதாவது 58 மி.மீ. அதற்குக் குறைந்தால் சிமெண்ட் முன்னாலேயே பிடித்துவிட்டது என்று பொருள். மேல் எல்லையும் உண்டு: கட்டற்ற நீளத்தோடு பிடிப்பு நீளத்தில் பாதியைச் சேர்த்துக் கணக்கிட்டால் 96 மி.மீ. அதைத் தாண்டினால் ஆழத்துப் பிடிப்பு விட்டுக்கொண்டிருக்கிறது.

15.10.2024, பிற்பகல்

“சறுக்குத் தளம் எங்கே என்று எப்படித் தெரியும்?” நல்ல கேள்வி. துளையிட்டு மண் எடுத்துப் பார்க்காமல் தெரியாது. நீலகிரியில் மேலே சிவந்த மண், அதற்குக் கீழே பாறை மக்கி வெளுத்த வழுக்குக் களி, அதற்கும் கீழே சார்னோக்கைட் பாறை. அந்தக் களியின் ஆழம் பத்தடிக்கு ஒரு தரம் மாறும். நங்கூரத் துளை போட்ட இயந்திரக்காரரிடம் பேசுங்கள். துளையிலிருந்து வரும் தூசி எந்த மீட்டரில் சிவப்பிலிருந்து வெள்ளையானது, எப்போது கல் தட்டியது என்று அவருக்குத் தெரியும். நான் பார்த்த வேலைகளில் மிக நம்பத்தக்க நிலவியல் குறிப்பு பெரும்பாலும் அவர்களுடைய நோட்டில்தான் இருந்தது.

17.10.2024

மண் ஆணி (துளைக்குள் செருகி சிமெண்ட் பாலால் மண்ணோடு ஒட்டும் எஃகுக் கம்பி) போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். மண் ஆணியை முன்கூட்டி இழுத்துக் கட்டுவதில்லை. முழு நீளமும் மண்ணோடு ஒட்டியிருக்கும். நெருக்கமாகப் பல போட வேண்டும். மண் கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். பழைய கல் சுவர்களை வலுப்படுத்த ஹாங்காங்கில் நிறையப் போடுகிறார்கள். இங்கே சுவருக்கு மேலேயே வீடு இருக்கிறது. இன்னும் நகரவிட எனக்கு மனமில்லை. ஆனாலும் களி ஆழமாக இருந்தால் ஆணிக்காரர் பக்கம் சாய்வேன். காரணம் இந்தக் கணக்கு: 115 மி.மீ. துளை, 8 மீட்டர்ப் பிடிப்பு. ஒட்டும் பரப்பு 2.9 சதுர மீட்டர். 532 கிலோநியூட்டனை அது தாங்க வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 184 கிலோநியூட்டன் ஒட்டுறுதி வேண்டும். சிமெண்ட் பாலைச் சும்மா ஊற்றிய துளையில் களி கொடுப்பது 30 முதல் 70 வரை. நல்ல களியாகவே இருந்தாலும் 200 கிலோநியூட்டனில் பிய்த்துக்கொள்ளும். பிடிப்பு நீளத்தைக் கூட்டலாமே என்றால், 10, 12 மீட்டருக்கு மேல் கூட்டுவதில் பெரிய பயனில்லை. முன்பகுதி விட்ட பிறகுதான் பின்பகுதி இழுவையை உணரும். ஆக, 40 டன் என்று யாராவது சொன்னால் அது பாறையில் பிடித்திருக்க வேண்டும்.

19.10.2024

சோதனைத் தாள் வந்தது. ஒரே வரி: 400 கிலோநியூட்டன், 46 மி.மீ., “திருப்தி.”

தொடக்கப் பாரம் குறிக்கவில்லை. 40 என்று வைத்தால் 400இல் எதிர்பார்க்கும் நீட்சி 53 மி.மீ.; அதில் 80 விழுக்காடு 42. தாளில் 46. மேலோட்டமாகத் தேறியதுபோல் தெரிகிறது. ஆனால் பாரத்தை இறக்கிப் பார்க்கவே இல்லை. 46இல் எவ்வளவு மீள் நீட்சி, எவ்வளவு நிலையான நகர்வு என்று பிரிக்க வழியில்லை. அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீட்சியை அளக்கும் டயல் கேஜின் கால் சுவரிலேயே பொருத்தியிருக்கிறது! ஜாக்கி கம்பியை வெளியே இழுக்கும்போது அதே விசையோடு சுவரை உள்ளே தள்ளுகிறது. புடைத்த கருங்கல் சுவர், பின்னால் இளகிய மண். அது சில மில்லிமீட்டராவது உள்ளே போகாமல் இருக்காது. அதுவும் இந்த 46இல் சேர்ந்துவிட்டது. சுவரைத் தொடாத முக்காலியில், தள்ளி நின்று அளந்திருக்க வேண்டும்.

சுவர் 8 மி.மீ. உள்ளே போய், இன்னொரு 5 மி.மீ. திரும்பாத நகர்வு என்று வைத்துப் பாருங்கள். மிஞ்சுவது 33. அப்படியானால் உண்மையில் நீண்ட கம்பி ஏழரை மீட்டர்தான். துளைக்காரரின் நோட்டுப்படி களியின் அடி நங்கூரத்தின் வழியே 9 மீட்டரில். இது வெறும் அனுமானம்தான். மறுசோதனை செய்யாமல் எதுவும் உறுதியில்லை. ஆனால் அந்தச் சுவரின் கீழே பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுசோதனைக்கு ஆகும் பணத்தைப் பார்க்காதீர்கள்.

20.10.2024

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: சுவருக்கு மேலே என்ன இருக்கிறது? பதில் வந்துவிட்டது. செப்டிக் டேங்க். அதன் வழிநீர் சுவருக்குப் பின்னால் மண்ணில் இறங்குகிறது. கசிவுத் துளைகள் பாசி பிடித்து அடைத்திருக்கின்றன.

இதுதான் புடைப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன். 6 மீட்டர்ச் சுவரின் பின்னால் மண் வறண்டிருந்தால், தட்டை நிலத்துக் கணக்கில், மீட்டர் நீளத்துக்குச் சுமார் 107 கிலோநியூட்டன் தள்ளும். நீர் உச்சிவரை நிறைந்தால் 236. இரு மடங்குக்கு மேல். மேலே சரிவு இருப்பதால் உங்களுக்கு இரண்டு எண்ணுமே இன்னும் கூடும்.

1994 ஜூலையில் ஹாங்காங்கின் குவுன் லுங் லாவ் குடியிருப்பில் பழைய கல் சுவர் ஒன்று சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். சுவர் நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது. அதோடு, பின்னால் புதைந்திருந்த கழிவுநீர், மழைநீர்க் குழாய்கள் கசிந்து மண்ணை ஊறவைத்திருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. மலைச்சரிவில் வீடு வைத்திருக்கும் எல்லோரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். பெருமழை வருவதும் போவதும் நம் கையில் இல்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தது, அந்த மழையில் நீலகிரி முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். நம் வீட்டுத் தொட்டியிலிருந்து ஆண்டு முழுவதும் ஊறும் நீரையாவது நாம் நிறுத்தலாம்.

அதனால் வேலையின் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் செப்டிக் டேங்கின் வழிநீரைக் குழாயில் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். பிறகு வடிகால் துளைகள். அடைத்த கசிவுத் துளைகளைக் குத்தித் திறப்பதோடு நிறுத்தினால் சுவரின் முதுகு மட்டும்தான் வடியும். களிக்கு மேலே தேங்கும் நீர் வராது. சற்று மேல்நோக்கிச் சாய்த்து, வடிதுணி சுற்றிய துளைக்குழாய்களைச் சறுக்குத் தளம் தாண்டும்வரை உள்ளே செலுத்த வேண்டும்.

23.10.2024

துருவைப் பற்றிக் கேட்டவருக்கு. 2010 ஏப்ரல் 25 அன்று வடக்குத் தைவானில், கீலுங் அருகே, மூன்றாம் எண் நெடுஞ்சாலையின் மேல் ஒரு மலைச்சரிவு அப்படியே வழுக்கி விழுந்தது. நான்கு பேர் கார்களோடு புதைந்தார்கள். அன்று மழை இல்லை. அது நங்கூரம் போட்ட சரிவு. பாறை அடுக்குகள் சாலையை நோக்கிச் சாய்ந்திருந்தன. சாலைக்காக அடிவாரத்தை வெட்டியிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் இறங்கிய நீர் அடுக்குகளின் இடையை இளக்கியிருந்தது. நங்கூரக் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. போட்ட அன்று அவை பாரம் தாங்கியிருக்கும். அதன் பிறகு எத்தனை முறை திறந்து பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

துரு எங்கே பிடிக்கிறது என்பதும் தெரிந்த செய்திதான். 1986இல் பன்னாட்டு முன்தகைவுக் கூட்டமைப்பு தொகுத்த 35 நங்கூரத் துரு நிகழ்வுகளில் பிடிப்பு நீளத்தில் நடந்தவை இரண்டே. மற்றவை தலையிலும், தலைக்கு அண்மையிலும், கட்டற்ற நீளத்திலும். மலைச்சாலை வேலை ஒன்றில் பழைய நங்கூரத் தலைகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். மூடி இருந்தது, உள்ளே கிரீஸ் இல்லை. தகட்டுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி அரித்திருந்தது. உள்ளே ஆழத்தில் புதுக்கம்பி போலப் பளபளத்தது. அதனால் தகட்டுக்குப் பின்னால் உறையும் குழாயும் ஒன்றுக்குள் ஒன்று ஏறியிருக்கிறதா, இடைவெளி நிரம்பியிருக்கிறதா, மூடிக்குள் கிரீஸ் இருக்கிறதா என்று நீங்களே விரல் விட்டுப் பாருங்கள்.

24.10.2024

சேர்க்க விட்டுப்போனது. 30 செ.மீ. சதுரத் தகடு வழியாக 400 கிலோநியூட்டனைக் கருங்கல் கட்டின் மேல் வைத்தால் சதுர மி.மீ.க்கு 4.4 நியூட்டன். பழைய கலவையில் கட்டிய கல் அதைத் தாங்காது. தகடு உள்ளே அமிழும், பாரம் தானாகக் குறையும். சுவரின் முகத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் விட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வார்த்து, அவற்றின் மேல்தான் தகடு உட்கார வேண்டும். அந்த விட்டத்துக்கு அடித்தளம் என்று சொல்லி யாரும் சுவரின் காலடியில் நீளப் பள்ளம் எடுக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேல் அருகே தடுப்புச்சுவருக்காகப் பள்ளம் தோண்டியபோது மேலே இருந்த பழைய கட்டடம் இடிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. காலடியைத் தோண்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒன்றிரண்டு மீட்டர் அகலத் துண்டுகளாக, ஒன்றை முடித்து நிரப்பிய பிறகே அடுத்ததை, மழையில்லாத நாளில், மேலே ஆள் நின்று பார்த்துக்கொண்டிருக்கத் தோண்ட வேண்டும்.

09.11.2024

மறுசோதனை நடந்தது. முக்காலி தனியாக நின்றது. ஏற்றி இறக்கி, படிப்படியாக 532 வரை போனார்கள். பாரம் நின்றது. மீள் நீட்சி 47 மி.மீ.

வேண்டியது 58. கணக்கிட்டால் நீண்ட கம்பி 7.8 மீட்டர். களியின் அடி 9 மீட்டரில். அதாவது 532 கிலோநியூட்டனில் ஒரு பகுதியை, சறுக்கப்போகும் மண்ணே தாங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டை இழுத்தபோதும் ஏறக்குறைய இதே அளவு. உறை கிழிந்தோ, நீளம் குறைவாகவோ, சிமெண்ட் பால் கம்பியை முன்னாலேயே பிடித்திருக்கிறது.

“532 தாங்கியதே, பிறகென்ன?” என்று ஒப்பந்ததாரர் கேட்கிறாராம். இதுவரை நான் எழுதியது முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. இழுத்தால் நிற்க வேண்டும் என்று மட்டும்தான் அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

10.11.2024

பழையவற்றை என்ன செய்வது? இருக்கட்டும், ஆனால் கணக்கில் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள். இடையிடையே புதுத் துளைகள், பழையவற்றிலிருந்து 1.2 மீட்டருக்குக் குறையாத தொலைவில். தண்ணீர் விட்டுத் துளைக்கக் கூடாது, களி குழம்பிவிடும். காற்றழுத்தத்தால், கேசிங் (துளை இடியாமல் காக்கும் குழாய்) இறக்கித் துளைக்க வேண்டும். கம்பியைச் செருகுமுன் வெயிலில் நீட்டிப் போட்டு, 12 மீட்டருக்கும் உறை முழுதாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். உறையின் உள்முனை அடைத்திருக்க வேண்டும். சிமெண்ட் பாலைத் துளையின் அடியிலிருந்து குழாய் வழியாக ஏற்ற வேண்டும், வாயிலிருந்து ஊற்றக்கூடாது.

02.12.2024

புதியவற்றில் முதல் இரண்டின் தாள்கள் வந்தன. முதலாவது: மீள் நீட்சி 68 மி.மீ., அதாவது 11.3 மீட்டர்க் கம்பி நீண்டிருக்கிறது. 532இல் வைத்துப் பார்த்தபோது முதல் நிமிடத்துக்கும் பத்தாம் நிமிடத்துக்கும் நடுவே நகர்ந்தது 0.4 மி.மீ. தேறியது. இரண்டாவது அந்த ஒன்பது நிமிடத்தில் 1.3 மி.மீ. நகர்ந்தது. எல்லை 1 மி.மீ. உடனே இறக்காமல் ஒரு மணி நேரம் பிடித்து வைத்தார்கள். ஆறாம் நிமிடம் முதல் அறுபதாம் நிமிடம் வரை 1.5. அதற்கு எல்லை 2. இதுவும் தேறியது. ஆனால் அந்த நங்கூரத்தின் மேல் எனக்குக் கண் இருக்கும். அதன் தலையில் ஒரு பாரமானி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பூட்டும்போது ஒன்று: ஆப்பு இறங்கி உட்காரும்போது கம்பி 6 மி.மீ. உள்ளே போகும். 12 மீட்டர்க் கம்பியில் அது 41 கிலோநியூட்டன் இழப்பு. 400 நிலைக்க வேண்டுமானால் 440இல் பூட்டுங்கள். பூட்டிய பிறகு ஜாக்கியை மறுபடி மாட்டி, ஆப்புத்தலை தகட்டை விட்டு இம்மியளவு எழும்பும் பாரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

02.12.2024, இரவு

வடிகால் துளையிலிருந்து வெயில் நாளிலும் நீர் சொட்டுகிறது, பயப்பட வேண்டுமா என்று வாசகர் கேட்டார். தெளிந்த நீர் என்றால் மகிழ்ச்சி. அது சுவரைத் தள்ளாமல் வெளியே வருகிறது. கலங்கி மண் வந்தால் வடிதுணி கிழிந்திருக்கிறது, குழாயை எடுத்து மாற்ற வேண்டும். வரத்து திடீரென நின்றாலும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை ஒரு பாட்டிலில் பிடித்து, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று தேதியோடு குறித்து வையுங்கள். பாரமானியின் எண்ணையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.